பெயருக்குள் ஒரு சாய்கோடு: பினாங்கு டயாலிசிஸ் மையம் ஒன்றின் தரவு இணைப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், பட்டர்வொர்த்துக்கு அருகே, பொதுமக்களின் நன்கொடையைக் கொண்டு நடைபெறும் டயாலிசிஸ் மையம் ஒன்று இருக்கிறது. அம்மையத்தின் கணினிப் பதிவேட்டையும், அதன் நோயாளிகளின் ரத்த மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தின் அமைப்பையும் இணைக்கும் பணியை நான் ஏற்றிருந்தேன். இணைப்பு இயங்கத் தொடங்கிய பிறகு, 2024 ஜூன் மாதத்தில், ஒருவருடைய பொட்டாசியம் அளவு மற்றொருவருடைய பதிவில் போய் அமர்ந்தது. மூத்த தாதி ஒருவர் உரிய நேரத்தில் கவனித்ததால் இருவருக்கும் தீங்கு நேரவில்லை. அந்தப் பிழை எப்படிப் பிறந்தது, சோதனைகளில் ஏன் அகப்படவில்லை, இணைப்பை எவ்வாறு மறுபடி கட்டினோம் என்பவற்றை இதே வேலையில் இருக்கும் பிறருக்காக இங்கே எழுதுகிறேன். மையத்தின் பெயரையும் ஆய்வகத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். நோயாளிகளின் பெயர்கள் மாற்றப்பட்டவை. பிழை இருந்தது நான் எழுதிய நிரலில்.

இணைப்புக்கு முன்பு

டயாலிசிஸ் செய்துகொள்பவர் பொதுவாக வாரத்துக்கு மூன்று முறை வந்து, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்கிறார். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய பொட்டாசியம் இடைப்பட்ட நாள்களில் உடலிலேயே தங்கிவிடுகிறது. ரத்தத்தில் அதன் இயல்பான அளவு லிட்டருக்குச் சுமார் 3.5 முதல் 5.0 மில்லிமோல், 6ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தடுமாறலாம், மிகவும் குறைந்துபோனாலும் அதே ஆபத்து உண்டு. ஒருவருக்கு எவ்வளவு பொட்டாசியம் கொண்ட டயாலிசிஸ் திரவத்தைப் பயன்படுத்துவது என்பதை மருத்துவர் இந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். ஆகவே அந்த எண் யாருடையது என்பது அந்த எண்ணைப் போலவே முக்கியமானது.

முன்பெல்லாம் ஆய்வக அறிக்கைகள் காகிதத்தில் வந்தன. பின்னர் வாட்ஸ்அப்பில் படமாக வரத் தொடங்கின. தாதிகள் அவற்றைப் பார்த்துப் பதிவேட்டில் கையால் ஏற்றினார்கள். ஹெபடைட்டிஸ் சோதனை முடிவு உட்பட அத்தனை நோயாளிகளின் விவரங்களும் ஊழியர்களின் சொந்தக் கைப்பேசிகளில் படங்களாகக் கிடந்தன. வேலையை விட்டுப் போனவர்களின் கைப்பேசிகளிலும் கிடந்தன. இந்த நிலையை மாற்ற வேண்டும் என்று மையத்தின் நிர்வாகக் குழு கேட்டுக்கொண்டதில் நியாயம் இருந்தது.

ஆய்வகத்தின் அமைப்பு எச்எல்7 இரண்டாம் பதிப்புச் செய்திகளை அனுப்பக்கூடியது. எச்எல்7 என்பது மருத்துவத் தகவல்களைக் கணினிகள் பரிமாறிக்கொள்வதற்கான தரநிலைகளை வகுக்க 1987இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அமைப்பு. அதன் இரண்டாம் பதிப்பு இன்றும் உலகெங்கும் மருத்துவமனைகளின் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. மையத்தின் பதிவேடோ எந்தத் தரநிலையையும் அறியாதது. எனவே இரண்டுக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பு நிரலை எழுதினேன். ஆய்வகத்திலிருந்து வரும் செய்தியைப் பிரித்து, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கோப்புறை உருவாக்கி, அதற்குள் முடிவுகளை வைப்பது அந்த நிரலின் வேலை. மையத்தின் பதிவேடு குறித்த இடைவெளியில் அந்தக் கோப்புறைகளைப் பார்த்து முடிவுகளை எடுத்துக்கொள்ளும்.

பாதுகாப்பில் எந்தக் குறையும் வைக்கவில்லை என்றே எண்ணினேன். பயணிக்கும் தரவு டிஎல்எஸ் 1.3 முறையில் மறையாக்கம் செய்யப்பட்டது. இரு முனைகளும் சான்றிதழ் காட்டி ஒன்றையொன்று உறுதிசெய்துகொண்ட பிறகே பேசத் தொடங்கின. ஒவ்வொரு கோப்புக்கும் ஹேஷ் எனும், கைரேகை போன்ற குறியீடு கணக்கிடப்பட்டு, வழியில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்பது சரிபார்க்கப்பட்டது. யார், எப்போது, எதைத் திறந்தார் என்ற குறிப்பும் பதிவாகியது. நிகழ்வுக்குப் பிறகு அந்தக் குறிப்புகள் அனைத்தையும் வரிவரியாகப் படித்தேன். எல்லாம் சரியாகவே இயங்கியிருந்தன. தவறான இடத்துக்குப் போய்ச் சேர்ந்த தரவு, முழுப் பாதுகாப்போடு, ஓர் எழுத்தும் சிதையாமல் போய்ச் சேர்ந்திருந்தது.

லெட்சுமி என்ற பெயரில் இருவர்

மலேசியத் தமிழர் பெயரில் குடும்பப் பெயர் இல்லை. அடையாள அட்டையில் தன் பெயரும், அதற்குப் பின் மகன் என்பதைக் குறிக்கும் 'ஏ/எல்' அல்லது மகள் என்பதைக் குறிக்கும் 'ஏ/பி' என்ற எழுத்துகளும், அதற்குப் பின் தந்தை பெயரும் வருகின்றன. 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கம் அவை. அந்த இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் இருக்கும் சாய்கோட்டை நாம் பிறந்தது முதல் பார்த்துப் பழகியிருக்கிறோம். கணினிக்கு அது வேறு பொருளுடையது: கோப்புறையையும் அதற்குள் இருக்கும் கோப்பையும் பிரித்துக் காட்டும் குறி.

என் நிரல் நோயாளியின் பெயரைக் கொண்டே கோப்புறைக்குப் பெயரிட்டது. அதற்கு அப்போது ஒரு காரணம் இருந்தது. ஆய்வகம் தன் சொந்த எண்ணை வைத்திருந்தது. மையம் தன் சொந்த எண்ணை வைத்திருந்தது. சோதனைப் படிவத்தில் மைகாட் எனும் மலேசிய அடையாள அட்டையின் எண்ணுக்கான இடம் பல வேளைகளில் நிரப்பப்படாமல் இருந்தது. இரு பக்கமும் தவறாமல் இருந்த ஒரே விவரம் பெயர்தான்.

'லெட்சுமி ஏ/பி முனியாண்டி' என்ற பெயர் வந்தபோது நிரல் 'லெட்சுமி ஏ' என்றொரு கோப்புறையை உருவாக்கி, அதற்குள் 'பி முனியாண்டி' என்ற கோப்பை வைத்தது. மையத்தின் பதிவேட்டிலோ பல ஆண்டுகளுக்கு முன்பே சாய்கோடு நீக்கப்பட்டு 'லெட்சுமி ஏ பி முனியாண்டி' என்று இருந்தது. கோப்புறையின் பெயரும் பதிவேட்டின் பெயரும் முழுமையாகப் பொருந்தவில்லை. இப்படிப் பொருந்தாமல் போகும் வேளைக்காக நான் ஒரு மாற்று வழி எழுதி வைத்திருந்தேன்: அதே எழுத்துகளில் தொடங்கும் முதல் பெயரை எடுத்துக்கொள். 'லெட்சுமி ஏ' என்று தொடங்கும் முதல் பெயர் முனியாண்டியின் மகள் லெட்சுமியுடையது. முடிவு சரியானவரிடம் போய்ச் சேர்ந்தது. வாரக்கணக்கில் இப்படியே நடந்தது. தமிழ் நோயாளி ஒவ்வொருவருடைய முடிவும் அந்த மாற்று வழியின் தயவிலேயே வந்து சேர்ந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது.

ஜூன் மாதத்தில் ராமசாமியின் மகள் லெட்சுமி மையத்தில் புதிதாகச் சேர்ந்தார். அன்று முதல் இரு பெண்களின் முடிவுகளும் 'லெட்சுமி ஏ' என்ற ஒரே கோப்புறைக்குள் விழுந்தன. இரண்டையும் பதிவேடு அகர வரிசையில் முன்னால் இருந்த முனியாண்டியின் மகளுக்கே ஏற்றியது.

பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் டுரியான் பருவம் அது. டுரியான் பழத்தில் பொட்டாசியம் மிகுதி என்பதால் டயாலிசிஸ் நோயாளிகள் அதைத் தொடக்கூடாது என்று தாதிகள் ஆண்டுதோறும் எச்சரிப்பார்கள். மையத்துக்குப் புதியவரான ராமசாமியின் மகள், உறவினர் வீட்டில் சில சுளைகள் சாப்பிட்டிருந்தார். மறுநாள் டயாலிசிஸ் தொடங்கும் முன் அவருடைய ரத்தம் எடுக்கப்பட்டது. அன்று அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கியதால், நான்கு மணி நேரம் நடக்க வேண்டிய சுத்திகரிப்பு இரண்டு மணி நேரத்திலேயே நிறுத்தப்பட்டது. அதற்கடுத்த நாள் வந்த முடிவு 6.4. அந்த எண் அவருடைய திரையில் வரவில்லை. அங்கே வேறொரு மருத்துவமனையில் முன்பு எடுத்த 4.9 அப்படியே நின்றது. 6.4 என்பது சிவப்பு எழுத்தில் முனியாண்டியின் மகளுடைய திரையில் தோன்றியது.

முனியாண்டியின் மகளுக்குப் பொட்டாசியம் குறைந்த திரவத்தை மாற்றிவிடலாம் என்ற அளவுக்குப் பேச்சு போயிருந்தது. இயல்பான அளவில் பொட்டாசியம் உள்ளவருக்கு அத்தகைய திரவத்தைக் கொடுத்தால் அது மிகக் கீழே இறங்கிவிடும். மூத்த தாதிக்கு மனம் ஒப்பவில்லை. பல ஆண்டுகளாகத் தான் பார்த்துவரும் அந்த அம்மா ஒரு முறையும் வராமல் இருந்ததில்லை. சாப்பாட்டில் அவ்வளவு கட்டுப்பாடு. ஒரு வாரத்தில் எப்படி இந்த எண் ஏறும் என்று அவர் யோசித்தார். திரையில் தெரிந்த எண்ணை விட்டுவிட்டு, இரண்டு முறை சொடுக்கினால் மட்டுமே திறக்கும் மூல அறிக்கையைத் திறந்தார். அதில் தந்தை பெயர் ராமசாமி என்று இருந்தது. வயதும் வேறு. உடனே அந்த லெட்சுமியின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். மகன் காரில் அழைத்து வந்தார். மருத்துவரின் ஆலோசனைப்படி அன்று மாலை கடைசி ஷிப்டில் அவருக்கு முழுமையாக டயாலிசிஸ் செய்யப்பட்டது. அதன் பிறகுதான் என்னை அழைத்தார். "தம்பி, அறிக்கையில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. உங்கள் திரையில்தான் ஆள் மாறிப்போச்சு" என்றார்.

அந்த வாசகத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஆய்வகம் பெயர், வயது, பால் என எல்லாவற்றையும் சரியாகவே அனுப்பியிருந்தது. காகித அறிக்கையில் எண்ணும் ஆளும் ஒரே தாளில் இருந்தன. என் நிரல் எண்ணை மட்டும் பிடுங்கிக்கொண்டு ஆளை வழியிலேயே விட்டுவிட்டது.

சோதனையில் ஏன் அகப்படவில்லை என்பதற்கும் விடை எளிது. சோதனைக்காக நாங்கள் புனைந்த பெயர்களில் சீனப் பெயர்கள் இருந்தன, 'பின்', 'பிந்தி' கொண்ட மலாய்ப் பெயர்கள் இருந்தன, தந்தையின் முதலெழுத்தை மட்டும் கொண்ட தமிழ்ப் பெயர்கள் சில இருந்தன. சாய்கோடு உள்ள ஒரு பெயரும் இல்லை. என் அடையாள அட்டையிலும் அந்தச் சாய்கோடு இருக்கிறது. மையத்தின் நோயாளிகளில் பெரும்பகுதியினர் தமிழர்கள். வெளிநாட்டில் எழுதப்பட்ட சோதனைத் தொகுப்பில் இது விடுபட்டிருந்தால் ஒருவாறு புரிந்துகொள்ளலாம். இந்த ஊரில், இந்த மக்களுக்காக, நம்மில் ஒருவர் எழுதியதில் விடுபட்டது எனக்குத் தீராத வருத்தம்.

மறுகட்டுமானம்

இணைப்பை அன்றிரவே நிறுத்தினோம். காகிதத்துக்குத் திரும்பினோம். மீண்டும் தொடங்குவதற்குப் பல மாதங்கள் ஆயின. அவசரப்படக் கூடாது என்று நிர்வாகக் குழு எடுத்த முடிவு சரியானது.

முதலில் மாற்றியது, முடிவு எதைத் தேடி வர வேண்டும் என்பதை. ஒரு முடிவு ஒரு பெயரைத் தேடி வரக் கூடாது. அதை வேண்டிய கோரிக்கையைத் தேடி வர வேண்டும். இப்போது ரத்தம் எடுக்கும் கணத்தில் மையத்தின் பதிவேடு ஒரு கோரிக்கை எண்ணை உருவாக்குகிறது. அது பட்டைக்குறியாக அச்சாகி, நோயாளியின் படுக்கையருகிலேயே குழாயில் ஒட்டப்படுகிறது. ஆய்வகம் அதே எண்ணை முடிவோடு திருப்பி அனுப்புகிறது. எச்எல்7 இரண்டாம் பதிப்பில் கோரியவரின் எண்ணுக்கென்றே ஓர் இடம் உண்டு. அது எங்கள் செய்திகளில் தொடக்கத்திலிருந்தே வெறுமையாக வந்துகொண்டிருந்தது. தரநிலை கொடுத்திருந்த விடையை நாங்கள் பயன்படுத்தாமல் விட்டிருந்தோம்.

கோரிக்கை எண் பொருந்தினாலும் போதாது. அடையாள எண்ணும் பிறந்த தேதியும் அதனோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்று முரண்பட்டாலும் முடிவு யாருடைய பதிவிலும் ஏறாமல் தனி வரிசையில் நிற்கும். தாதி ஒருவர் மூல அறிக்கையைப் பார்த்து ஒப்பம் தந்த பிறகே அது நகரும். 'அதே எழுத்துகளில் தொடங்கும் முதல் பெயர்' போன்ற ஊகங்கள் அனைத்தையும் நீக்கிவிட்டோம். ஆனால் நிறுத்தி வைப்பதும் தீங்காகலாம் என்பதை இந்த நிகழ்வே காட்டியது: 6.4 என்ற எண் யாருக்கும் தெரியாமல் வரிசையில் கிடந்தால் அதுவும் ஆபத்துதான். எனவே அபாய எல்லையைக் கடந்த முடிவு வரிசையில் நின்றால் பணியில் இருக்கும் தாதியின் மேசையில் ஒலி எழும்பும். ஆய்வகமும் வழக்கம்போலத் தொலைபேசியில் சொல்லும். தொலைபேசி அழைப்பை ஒழித்துவிடலாம் என்று தொடக்கத்தில் நான் பரிந்துரைத்திருந்தேன். அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

மையத்தின் பக்கத்தில் எஃப்எச்ஐஆர் தரநிலையின் நான்காம் பதிப்பை ஏற்றோம். பேச்சில் இதை 'ஃபையர்' என்பார்கள். எச்எல்7 அமைப்பே உருவாக்கிய இந்தத் தரநிலையில் நோயாளி, சோதனை முடிவு, ஒவ்வாமை ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி வடிவம் கொண்ட பொருளாக, இணையம் வழியே கேட்டுப் பெறத்தக்கதாக இருக்கிறது. எங்களுக்கு உதவிய கூறுகள் இரண்டு. மனிதப் பெயருக்கான வடிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம் இல்லை. முழுப்பெயரையும் உள்ளது உள்ளபடியே ஒரே தொடராக வைக்க இடம் இருக்கிறது. லெட்சுமியின் பெயரை வெட்டி, முனியாண்டி என்பதை அவருடைய குடும்பப் பெயராக்கும் கட்டாயம் இல்லாமல் போனது. மற்றொன்று, ஓர் அடையாள எண்ணை எழுதும்போது அந்த எண்ணை எந்த அமைப்பு வழங்கியது என்பதையும் கூடவே எழுதச் செய்யும் முறை. வெறும் எண் ஒன்றும் சொல்லாது. மைகாட் எண், கடப்பிதழ் எண், மையத்தின் பதிவெண் என்று வகை சேர்ந்தால்தான் இரண்டு அமைப்புகள் அதை ஒப்பிட முடியும்.

இந்த வகைப்படுத்தலைச் செய்தபோது இன்னொரு குறை வெளிப்பட்டது. மையத்தில் நீல நிற மைகாட் இல்லாத முதியவர்கள் சிலர் இருக்கிறார்கள். சிலரிடம் நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டை இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பதிவு முறையாகச் செய்யப்படாமல், எந்த அட்டையும் இல்லாமல் வாழ்க்கையைக் கழித்த ஓர் அம்மாவும் இருக்கிறார். பழைய பதிவேடு பன்னிரண்டு இலக்க எண் இல்லாமல் எவரையும் சேர்க்க மறுத்ததால், ஊழியர்கள் அவர்களுக்குப் பன்னிரண்டு சுழியங்களை இட்டு நிரப்பியிருந்தார்கள். அடையாள எண்ணை வைத்துப் பொருத்தும் முறைக்கு அப்படியே மாறியிருந்தால், அட்டை இல்லாதவர்கள் எல்லோரும் ஒரே ஆளாகியிருப்பார்கள். ஒரு லெட்சுமிக்கு நேர்ந்தது இவர்கள் அனைவருக்கும் நேர்ந்திருக்கும். இப்போது இல்லாத எண் இல்லாததாகவே இருக்கிறது. அவர்களுக்கு மையத்தின் பதிவெண்ணே அடையாளம். நாட்டின் பதிவேட்டில் இடம் கிடைக்காதவர்களை நம்முடைய நிரலும் ஆள் தெரியாமல் கலந்துவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஒரு நாள் முந்திய காலைகள்

மறுகட்டுமானத்தின் இடையில் நடத்திய ஒப்பீட்டில், காலை ஷிப்ட் நோயாளிகளில் சிலருடைய ரத்தம் எடுத்த தேதி மட்டும் ஒரு நாள் முந்தியதாகப் பதிவாகியிருந்தது. மாலை ஷிப்ட் நோயாளிகளுக்கு அப்படி இல்லை. மூன்று நாள் தேடிய பிறகு காரணம் தெரிந்தது. மையத்தின் பதிவேடு இருக்கும் மேகக் கணினி நேரத்தை உலகப் பொது நேரத்தில் வைத்துக்கொள்கிறது. மலேசிய நேரம் அதைவிட எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு எடுத்த ரத்தம் அங்கே முந்தைய நாள் இரவு பதினொரு மணி. நேரத்தை வெட்டித் தேதியை மட்டும் வைத்துக்கொண்ட ஒரு வரி, காலை எட்டு மணிக்கு முன் எடுக்கப்பட்ட எல்லா மாதிரிகளையும் நேற்றைக்குத் தள்ளிவிட்டது.

டயாலிசிஸில் இது சிறிய விஷயம் இல்லை. சுத்திகரிப்பு போதுமானதா என்பதை, முன்பும் பின்பும் எடுத்த ரத்தத்தில் யூரியா எவ்வளவு குறைந்தது என்ற விகிதத்தைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். அது 65 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது பொதுவான அளவுகோல். முன் மாதிரி காலை ஏழு மணிக்கும் பின் மாதிரி பதினொரு மணிக்கும் எடுக்கப்பட்டால், அவை வெவ்வேறு நாள்களாகிக் கணக்கே பிறக்காமல் போகிறது. ஃபையர் தரநிலையில், மணியும் நிமிடமும் எழுதினால் நேர வலயத்தையும் எழுதியாக வேண்டும் என்பது விதி. அந்த விதியின் அருமை எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பிறந்த தேதியிலும் இதே கோளாறு இருந்தது. நள்ளிரவு நேரத்தோடு சேர்த்து வைக்கப்பட்ட பிறந்த தேதிகள், பொது நேரத்துக்கு மாறியபோது ஒரு நாள் பின்வாங்கின. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 தொடக்கத்தில்தான் எட்டு மணி நேர வேறுபாட்டுக்கு வந்தது; அதற்கு முன் ஏழரை மணி நேரம். நிரல் நூலகங்களுக்கு அந்த வரலாறு தெரியும் என்பதால், அதற்கு முன் பிறந்த நம் நோயாளிகளின் தேதிகள் பொது நேரத்துக்குப் போய்த் திரும்பும்போது அரை மணி நேரமும் இடம் மாறும் வாய்ப்பு உண்டு. பிறந்த தேதி என்பது தேதி மட்டுமே, அதற்கு மணி கிடையாது என்று வகுத்ததும் சிக்கல் தீர்ந்தது.

அலகுகள் குறித்து ஒன்று மட்டும் சொல்கிறேன். ஹீமோகுளோபினை ஓர் ஆய்வகம் டெசிலிட்டருக்கு 9.8 கிராம் என்று எழுதும். மற்றொன்று லிட்டருக்கு 98 கிராம் என்று எழுதும். இரண்டும் ஒன்றே. தமிழ்நாட்டில் சிகிச்சை பெற்றுத் திரும்புபவர்கள் கொண்டுவரும் அறிக்கையில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் என்றிருக்கும். இங்கே அது லிட்டருக்கு 7.0 மில்லிமோல். அலகு இல்லாமல் வரும் எந்த எண்ணையும் எங்கள் பதிவேடு இப்போது ஏற்பதில்லை.

யாருக்கு எவ்வளவு

தவறான ஆளிடம் சேராமல் தடுப்பது ஒரு பாதி. சரியான ஆளிடமும் தேவைக்கு மேல் சேராமல் தடுப்பது மறுபாதி. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் உதவியில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்காக மையம் கட்டணக் கோரிக்கை அனுப்புகிறது. யார், எந்தெந்த நாள் வந்தார் என்பதே அதற்கு வேண்டியது. நாங்களோ எக்செல் கோப்பு முழுவதையும், ரத்த முடிவுகளின் பத்திகளோடு சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தோம். யாரும் கேட்கவில்லை, நாங்களாகவே அனுப்பினோம். இப்போது ஒவ்வொரு பெறுநருக்கும் தனித்தனி அனுமதி வரையறுக்கப்பட்டிருக்கிறது. வருகை நாள்களைக் கேட்கும் திறவுகோலால் சோதனை முடிவுகளைத் திறக்க முடியாது. அந்தத் திறவுகோலும் சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும்.

பல்கலைக்கழக மாணவி ஒருவர் ஆய்வுக்காக அடையாளம் நீக்கிய தரவைக் கேட்டபோது, மைகாட் எண்ணை ஹேஷ் செய்து கொடுத்துவிடலாம் என்ற யோசனை வந்தது. அதை மறுத்தேன். மைகாட் எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம், பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. பினாங்கில் பிறந்த ஒரு பெண்ணின் பிறந்த நாளைத் தெரிந்த ஒருவருக்கு எஞ்சியிருக்கும் சாத்தியங்கள் 5,000 மட்டுமே. அத்தனைக்கும் ஹேஷ் கணக்கிட்டு ஒப்பிட ஒரு சாதாரண மடிக்கணினிக்கு ஒரு நொடியும் வேண்டாம். மாணவிக்குக் கொடுத்த தரவில் மைகாட்டிலிருந்து பெறப்பட்ட எதுவும் இல்லை. தற்போக்காக உருவாக்கிய எண்களே இருந்தன, அவற்றின் பொருத்தப் பட்டியல் மையத்தை விட்டு வெளியே போகவில்லை.

மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை நுண்ணுணர்வுத் தரவாக வகைப்படுத்தி, வெளிப்படையான ஒப்புதலைக் கோருகிறது. மத்திய, மாநில அரசுகளுக்கு அச்சட்டம் பொருந்தாது. எங்களுக்குப் பொருந்தும் என்றே கொண்டு நடந்தோம். ஒப்புதல் பெறும்முன் கொடுக்க வேண்டிய அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். எங்கள் நோயாளிகளில் பலர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்கள். இரு மொழிப் படிவத்தோடு தமிழ்ப் படிவமும் சேர்த்தோம். அதையும் கொடுத்துவிட்டு நகராமல், டயாலிசிஸ் நடக்கும் நேரத்தில் அருகில் அமர்ந்து வாசித்துக் காட்டினோம். வாசித்துக் காட்டியபோதுதான் கேள்விகள் வந்தன. "என் ஹெபடைட்டிஸ் விஷயம் கோயில் கமிட்டிக்குத் தெரிய வருமா? பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம்" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர் பயந்தது நியாயம். யாருக்குப் போகும், யாருக்குப் போகாது என்று நிறுவனங்களின் பெயரைச் சொல்லி எழுதிக் கொடுத்த பிறகே கையெழுத்திட்டார். அதற்குமுன் எங்கள் படிவத்தில் 'தொடர்புடைய தரப்பினர்' என்றுதான் எழுதியிருந்தோம்.

அச்சட்டத்தின் 2024ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த தரவு மீறல் அறிவிப்புக் கடமை 2025 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லெட்சுமிகளின் நிகழ்வு நடந்தபோது அந்தக் கடமை இல்லை. ஆனாலும் இருவரையும் அவர்களின் குடும்பத்தாரையும் அழைத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னோம். முனியாண்டியின் மகள் முதலில் கேட்டது, அந்த இன்னொரு லெட்சுமி எப்படி இருக்கிறார் என்பதைத்தான்.

கோலாலம்பூருக்கு ஒரு பயணம்

புதிய இணைப்பின் முதல் வெளியூர்ப் பயன்பாடு முனியாண்டியின் மகளுக்காகவே அமைந்தது. பேத்தியின் திருமணத்துக்காக அவர் பத்து நாள் கோலாலம்பூரில் தங்க வேண்டியிருந்தது. அந்த நாள்களில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் உள்ள ஒரு மையத்தில் டயாலிசிஸ். வெளியூர் நோயாளியை ஏற்கும் மையத்துக்கு உலர் எடை (மிகை நீர் நீங்கிய பின் உள்ள எடை), ரத்தக் குழாய் இணைப்பின் வகை, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் அளவு, திரவத்தின் கலவை, அண்மைய ஹெபடைட்டிஸ், எச்ஐவி சோதனை முடிவுகள் ஆகியவை வேண்டும். ஹெபடைட்டிஸ் உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம் ஒதுக்க வேண்டியிருப்பதால் இதைக் கேட்பது தவிர்க்க முடியாதது. முன்பெல்லாம் நோயாளியே இதைக் காகித உறையில் எடுத்துச் சென்றார். சிலர் பேருந்தில் தவறவிட்டதும் உண்டு. இம்முறை அவருடைய ஒப்புதலோடு, திருமண நாள்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் அனுமதியின் கீழ், தேவையான பகுதிகள் மட்டும் சென்றன. பதினோராம் நாள் அந்த அனுமதி தானாக மூடிக்கொண்டது.

ஒரு தடங்கல் இருந்தது. பெறும் மையத்தின் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம். எங்கள் அமைப்பு அந்த இடத்தை வெறுமையாக அனுப்பியதால் அவர்களுடைய அமைப்பு பதிவை ஏற்கவில்லை. அங்கிருந்த பொறியாளர் முனியாண்டி என்பதை அங்கே போட்டுவிடலாமா என்று கேட்டார். அப்படிப் போட்டால் அந்தப் படிவத்தின் வழியே அவர் 'திருமதி முனியாண்டி' ஆகிவிடுவார் என்பதையும், தந்தை பெயர் அதே முனியாண்டியாக உள்ள வேறொருவரோடு பொருந்திவிடக் கூடும் என்பதையும் விளக்கினேன். அன்றைக்கு மூத்த தாதி தொலைபேசியில் பேசி, அவர்கள் பதிவெண்ணை வைத்துக் கையால் ஏற்றிக்கொண்டார்கள். அந்தக் கட்டாயத்தை நீக்கும்படி நாங்கள் எழுதிய கடிதத்தோடு, சாய்கோடு உள்ள ஐம்பது புனைபெயர்கள் கொண்ட எங்கள் சோதனைத் தொகுப்பையும் அனுப்பியிருக்கிறோம். அவற்றில் பன்னிரண்டு பெயர்கள் லெட்சுமி என்றே தொடங்குகின்றன.